‘தெரியவில்லை’ என்றொரு கட்டம்

1. கூடை மீன்

திட்டக்குடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பல வருடம் ‘உயிருள்ளவை, உயிரற்றவை’ பாடம் நடத்தியிருக்கிறேன். மாடு, மரம், கல், நாற்காலி. படப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினால் பிள்ளைகள் கோரஸாகப் பதில் சொல்வார்கள். ஒரு பீரியடில் பாடம் முடிந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் கடலூர் முதுநகரைத் தாண்டி ஒரு மீனவக் குப்பத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் நாளே அதே பாடத்தை எடுத்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு, மீன் படத்தைத் தூக்கிக் காட்டினேன். “இது எந்தக் கட்டம்?”

ஒரு பையன் எழுந்தான். “தண்ணில இருக்கற மீனா, கூடையில இருக்கற மீனா டீச்சர்?”

“எதுவா இருந்தா என்னடா, மீன் மீன்தானே?”

“கூடையில இருக்கறது செத்துப்போச்சே டீச்சர். அத எப்புடி உயிருள்ளதுல வக்கிறது?”

“அப்ப உயிரற்றதுல வை.”

“அது என்னா கல்லா டீச்சர்?”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அதோடு விட்டார்களா? கடல் அசைகிறது, சத்தம் போடுகிறது, அதனால் அது உயிருள்ளதுதான் என்றது ஒரு கூட்டம். படகு டீசல் குடிக்கிறது, புகை விடுகிறது, அதையும் சேருங்கள் என்றது இன்னொரு கூட்டம். எனக்குக் கோபம் சட்டென்று வரும். “உக்காருங்கடா எல்லாரும்” என்று சத்தம் போட்டேன். பெல் அடித்து என்னைக் காப்பாற்றியது.

என் வீடு சிதம்பரத்தில். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது முழுக்க அந்தக் கூடை மீன்தான் மண்டைக்குள் ஓடியது. பையன் கேட்டதில் என்ன தப்பு? பாடப் புத்தகம் இரண்டு கட்டம்தான் தந்திருந்தது. மறுநாள் மூன்றாவது கட்டம் ஒன்று போட்டு, ‘உயிர் இருந்தது, இப்போது இல்லை’ என்று எழுதினேன். கருவாடு, கிளிஞ்சல், காய்ந்த சருகு எல்லாம் அதற்குள் போயின. பழைய கட்டுமரத்தை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் பல நாள் சண்டை போட்டார்கள். கடைசியில், மரமாக இருந்ததுதானே என்று அதுவும் மூன்றாவதற்கே போயிற்று.

2. எழுத்தை மூடு, படத்தைப் பார்

சின்னப் பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் காட்டுவதில் என் வழி ஒன்று உண்டு. கீழே இருக்கும் எழுத்தை ஒரு அட்டைத் துண்டால் மூடிவிடுவேன். இரண்டே கேள்விதான் கேட்பேன். ‘என்ன பாத்தே?’ ‘எப்படித் தெரியும்?’ ஆமை முட்டையிடும் படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை, “ஆமை அழுவுது டீச்சர்” என்றால் நான் சரி என்றும் சொல்லமாட்டேன், தப்பு என்றும் சொல்லமாட்டேன். எப்படித் தெரியும் என்று கேட்பேன். கண்ணில் தண்ணீர் இருக்கிறது என்று அது சொல்லும். தண்ணீரைப் பார்த்தாய், அழுவதைப் பார்த்தாயா என்பேன். உயிரியல் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

பிள்ளைகளுக்கு இது தொத்திக்கொண்டது. இன்றைக்கு மழை வரும் என்று ஹெச்.எம். சார் பிரேயரில் சொன்னால், “எப்புடித் தெரியும் சார்?” என்று வரிசையில் இருந்து ஒரு குரல் வரும். “டீச்சர், நான் புள்ளைங்களப் படிக்க வைக்கச் சொன்னேன், நீங்க வக்கீலாக்கி வச்சிருக்கீங்க” என்று சார் தலையில் அடித்துக்கொள்வார்.

புத்தகங்களில் யானையும் ஆப்பிளும்தான் ஜாஸ்தி. எங்கள் பிள்ளைகள் பார்க்கும் நண்டும் நெத்திலியும் கிடையாது. அதனால் நானே வரைந்து, சிதம்பரம் கீழ வீதியில் ஒரு கடையில் லேமினேட் செய்து எடுத்து வருவேன். அப்புறம் பிள்ளைகளையே அட்டையில் வரைந்து கட்டங்களில் ஒட்டச் சொன்னேன். ‘நம் வீட்டில் உள்ளவை’ என்று தலைப்பு கொடுத்தேன். பானை, பூனை, மிக்சி வரும் என்று எதிர்பார்த்தேன். பாதிப் பேர் அம்மா, அப்பா, தம்பி என்று ஆட்களை வரைந்தார்கள். கவின் என்ற பையன், இறந்துபோன தன் தாத்தாவை மீசையோடு வரைந்து, யாரையும் கேட்காமல் மூன்றாவது கட்டத்தில் ஒட்டிவிட்டான். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் செய்தி ஊருக்குள் போயிற்று.

3. செல்வி வந்தது

மறுநாள் செல்வி வந்தாள். என் மூன்றாம் வகுப்பில் படித்த தர்ஷினியின் அம்மா. ஐப்பசி மழையில் அவள் வீட்டுக்காரர் போன படகு கவிழ்ந்தது. உடன் போனவர்களை வேறு படகுக்காரர்கள் தூக்கிக் கரைசேர்த்துவிட்டார்கள். அவர் மட்டும் கிடைக்கவில்லை.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போனவரின் உடல் கிடைக்காதவரை அதைச் சாவு வீடு என்று சொல்லமாட்டார்கள். துக்கம் விசாரிக்க யாரும் வரமாட்டார்கள். ஊர்ப் பெரியவர்களான நாட்டார்கள் கூடிக் காரியத்துக்கு ஒரு நாள் குறிக்கும்வரை மனைவி பொட்டு வைத்துக்கொண்டுதான் இருப்பாள். செல்வியும் நெற்றியில் பெரிய பொட்டோடுதான் வந்து நின்றாள்.

“டீச்சர், செத்தவங்களுக்குன்னு செவுத்துல ஒரு எடம் வச்சிருக்கீங்களாமே. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடறேன், அத எடுத்துருங்க. எம்பொண்ணுகிட்ட அப்பா கேரளாவுல படகு வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ பாத்துட்டு எதாச்சும் கேட்டா நான் என்னா பண்ணுவேன்?”

எனக்கு வாய் ஜாஸ்தி என்று பேர். அன்றைக்கு ‘சரிம்மா’ என்று மட்டும் சொல்லி அவளை அனுப்பினேன். ஹெச்.எம். சார்தான் சொன்னார். “பிரச்சனைய வெலைக்கு வாங்காதீங்க டீச்சர். ஒரு சார்ட்ட மாட்டி அந்தக் கட்டத்த மறைச்சிருங்க.”

வகுப்பில் பிள்ளைகள் எழுதுவதற்கென்று சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை உண்டு. அதில்தான் கட்டங்கள் இருந்தன. மூன்றாவது கட்டத்தின் மேல் ஒரு காய்கறி சார்ட்டைத் தொங்கவிட்டேன்.

4. நீ பாத்தியா?

அந்த வாரமே தர்ஷினி தன் அட்டையை வரைந்து முடித்துவிட்டாள். சிவப்பு பனியன் போட்ட ஓர் ஆள். கையில் வலை. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். இவள் முறை வந்ததும் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

உயிருள்ளவை என்ற கட்டத்தில் ஒட்டிவிட்டு வந்துவிடு தாயே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

கவின் கெட்டவன் இல்லை. எது எங்கே இருக்கவேண்டும் என்பதில் கொஞ்சம் கறார். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான். “ஒங்கப்பா அந்தக் காய்கறிக்குப் பின்னாடி இருக்கற கட்டம், தர்ஷினி.”

நான் எழுந்தேன். அதற்குள் தர்ஷினி திரும்பினாள். அழவில்லை. கோபம்கூட இல்லை.

“நீ பாத்தியா?”

“இல்ல.”

“அப்ப எப்புடித் தெரியும்?”

“எங்கம்மா சொன்னாங்க.”

“ஒங்கம்மா பாத்தாங்களா?”

கவின் தலையைக் குனிந்துகொண்டான். நான் சொல்லிக்கொடுத்த அதே கேள்விகள். அதே வரிசை. ஆமைக் கண்ணீருக்காகச் சொல்லிக்கொடுத்தவை.

அவள் என் பக்கம் திரும்பினாள். “எங்கம்மா கேரளாவுக்குப் போயிருக்காருன்னு சொல்றாங்க. ஆனா அவுங்க சொல்றப்ப என்னப் பாக்காம சொல்றாங்க. எனக்கும் தெரியல டீச்சர். தெரியாதவங்கள எங்க வக்கிறது?”

நான் சாக்பீஸ் எடுத்தேன். உட்கார்ந்து, மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டேன். ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். தர்ஷினி அட்டையை அதில் ஒட்டி, நான்கு மூலையும் அமுக்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

அப்புறம் பின் வரிசையில் இருந்து ஒரு பெண் குழந்தை கேட்டது. “டீச்சர், மண்ணுக்குள்ள இருக்கற ஆமை முட்ட உயிரோட இருக்கா, கெட்டுப்போச்சான்னு மேல இருந்து பாத்தா தெரியாதுல்ல? அதயும் அங்க வக்கலாமா?”

“வக்கலாம்” என்றேன்.

ஆமை முட்டை போயிற்று. முளைக்காத அவரை விதை போயிற்று. சிவப்பு பனியன்காரரைச் சுற்றி நான்கைந்து அட்டைகள் சேர்ந்துவிட்டன. அவர் அங்கே ஒற்றையாக இருக்கவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

5. செல்வி மறுபடி வந்தது

அன்று பள்ளி விடும் நேரத்துக்குள் செய்தி எட்டிவிட்டது. செல்வி நேராக வகுப்புக்குள் வந்தாள்.

“நான் என்னா சொன்னேன், நீங்க என்னா பண்ணி வச்சிருக்கீங்க? அவ அப்பன செத்தவங்களோட ஒட்டி வச்சிட்டீங்களாமே?”

கரும்பலகையைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். முட்டையையும் விதையையும் பார்த்தாள். நடுவில் இருந்த பனியன்காரரைப் பார்த்தாள்.

“யாரு வச்சது?”

“அவதான். தெரியாதவங்கள எங்க வக்கிறதுன்னு கேட்டா. நான் கட்டம் மட்டும்தான் போட்டேன்.”

செல்வி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கிட்ட பேசறவங்க ஒண்ணு வந்துருவாருங்கறாங்க, இல்லன்னா மனசத் தேத்திக்கங்கறாங்க. தெரியலன்னு ஒருத்தரும் சொல்லல டீச்சர். நானும் எம்புள்ளகிட்ட சொல்லல. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்.”

தர்ஷினி வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். செல்வி எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக் கைபம்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் கீழே உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. செல்வி அழுதாள், தர்ஷினியும் அழுதாள். ஐப்பசிக்கு அப்புறம் அந்தப் பிள்ளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காய்கறி சார்ட்டைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

6. பங்குனி

பங்குனியில் நாட்டார்கள் நாள் குறித்தார்கள். அவருடைய சட்டையையும் லுங்கியையும் வைத்துக் கரையில் காரியம் செய்தார்கள். ஹெச்.எம். சாரும் நானும் போய்வந்தோம். செல்வியின் நெற்றியைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவள் காலைப் பார்த்துக்கொண்டே ஆறுதல் சொன்னேன்.

பள்ளிக்குத் திரும்பிய அன்று தர்ஷினி பையைக்கூட வைக்காமல் கரும்பலகைக்குப் போனாள். நான்காவது கட்டத்திலிருந்து அப்பாவின் அட்டையை மெதுவாக உரித்து எடுத்தாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அவசரம் இல்லம்மா. அது அங்கியே இருக்கட்டும். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

“இன்னும் யாரும் பாக்கலதான் டீச்சர்” என்றாள். “ஆனா எங்கம்மா பொட்ட எடுத்துட்டாங்க. அம்மா அவர இந்தக் கட்டத்துல வச்சிட்டாங்க. நான் மட்டும் தெரியலன்னு வச்சிருந்தா, அம்மா தனியால்ல அழுவாங்க?”

சொல்லிவிட்டு மூன்றாவது கட்டத்தில், மீசைத் தாத்தாவுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பசை காய்ந்து ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. கவின் எழுந்து வந்து கட்டைவிரலால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். ஒட்டும்வரை அவன் விரலை எடுக்கவில்லை.

பிள்ளைகள் முன்னால் ஆசிரியர் அழக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். நான் அழுதேன். அன்று பாடம் நடத்தவில்லை. படப் புத்தகங்களை எடுத்துத் தரையில் பரப்பி, நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எப்படித் தெரியும் என்று கேட்க நான்தான் அவளுக்குப் பழக்கினேன். யாருக்காக அந்தக் கேள்வியை நிறுத்திக்கொள்வது என்பதை நான் சொல்லித்தரவில்லை. அது எந்த லெசன் பிளானிலும் இல்லை.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிய விஷயம் எதுவும் கிடையாது. உயிருள்ளவை, உயிரற்றவை நடத்தும்போது கட்டத்தைப் பலகை முழுக்கப் போட்டு அடைத்துவிடாதீர்கள். ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். அது எந்தப் பிள்ளைக்குத் தேவைப்படும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது.