கொடும்பாவிக்குப் போட்ட பனியன்

எங்கள் ஊர் ஃபுட்பால் கிளப்பு மழை பெய்யாததால் உண்டானது. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஏரி ரொம்பியிருந்தால், பந்து விளையாட ஊரில் வேறு சமநிலம் கிடையாது. எல்லாம் வெள்ளாமைக் காடு. தருமபுரி தனி மாவட்டம் ஆன சமயம், ஏரி வற்றி, மாடுகள் மிதித்து மிதித்துத் தரை இறுகிப்போனது. அதன் நடுவில் கருவேலங்கம்பங்களை நட்டுக் கிளப்பு ஆரம்பித்தோம்.

ஆரம்பித்தவர் பஸ் நிற்கும் இடத்தில் தையல் கடை வைத்திருந்த பாய். அவர் தகப்பனார் காலத்தில் சுமத்ராவில், மேடான் பட்டணத்தில் அவர்களுக்குத் துணிக்கடை. வாலிபத்தில் இவர் அங்கே ஒரு கிளப்பில் ஆடியவர். மிஷினை மிதித்துக்கொண்டே அந்தக் கிளப்பின் கதையைச் சொல்வார். மலாய்க்காரர், சீனர், நம்ம ஆட்கள் எல்லாரும் ஒரே டீமாம். ஜப்பான்காரன் வந்து மைதானத்தை உழுது மரவள்ளி நட்டுவிட்டானாம். சண்டை முடிந்ததும் கிழங்கைப் பிடுங்கிப்போட்டு, குழிகளைக் காலாலேயே மூடி மறுபடி ஆடினார்களாம். "தோத்து எந்தக் கிளப்பும் அழியறதில்லீங்க. கிரவுண்டு போனாத்தான் அழியும்" என்பார்.

நான் அஞ்சாவது வரை படித்தவன். ஏரிக்குக் கீழே கொஞ்சம் வயல், கட்டின பெண்சாதி, ரெண்டு பிள்ளைகள். காலையில் குளித்துத் திருநீறு பூசி, மாரியம்மன் முன்னால் மழை கேட்டு நிற்பேன். சாயங்காலம் வற்றின ஏரியில் பந்து உதைப்பேன். ரெண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்குத் தோன்றியது.

முதல் வருஷம் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வருஷமும் மழை பொய்த்தது. நாங்கள் அரூர் டீமை ஜெயித்தோம். அதற்கடுத்த வருஷம் கிணறுகள் வற்றின. நாங்கள் தருமபுரியில் கோப்பை வாங்கினோம். கோப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தரும் எழுந்து வரவில்லை. தண்ணிக்குப் போன ஒரு அம்மா குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "ஏரியாத்தா வயித்துல உதைச்சு உதைச்சு வாங்கியாந்திருக்கறாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

அதன்பிறகு நான் எதிரே வந்தால் பேச்சு நின்றது. பாயின் மதத்தை யாரும் இழுக்கவில்லை. துணி தைக்கக் கொடுப்பதை மட்டும் நிறுத்தினார்கள். பந்துக்குப் போகாமல் வூட்டோடு இருக்கச் சொல்லி என் வீட்டுக்காரி அழுதாள்.

ஆடி போய் ஆவணியும் காய்ந்தபோது, கொடும்பாவி கட்டுவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. யாரோ செய்த பாவம்தான் மழையைத் தடுக்கிறது என்று, வைக்கோலில் அந்தப் பாவியின் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, கடைசியில் கொளுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். இன்னார் என்று அடையாளம் வைப்பதில்லை. அந்த வருஷம் இழுத்து வந்த உருவத்துக்கு எங்கள் கிளப்பின் நீலப் பனியன் போட்டிருந்தார்கள். பாய் தைத்து, அவர் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது அது.

ஊர்வலம் தையல் கடைக்கு முன்னால் வந்து நின்றது. ஒப்பாரி மட்டும் நிற்கவில்லை. கையில் கல் வைத்திருந்தவர்களையும் பார்த்தேன். கடைப்படி ஏறி பாய்க்குப் பக்கத்தில் நின்றேன். முருகா என்றேன். பாய் ஊசியைக் காலரில் குத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"எங்க பாய் கெளம்பிட்டீங்க?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"என் பனியனப் போட்டவன் செத்துக் கெடக்கறான். நான் வராம யாருங்க வர்றது?"

ரெண்டொருத்தர் சிரித்துவிட்டார்கள். ஒப்பாரி வைத்தவளுக்கே ராகம் தப்பியது. கல்லைக் கீழே போடும் சத்தம் கேட்டது. பாய் எல்லாரோடும் ஏரிவரைக்கும் நடந்தார். கொள்ளியை அவர் கையிலேயே நீட்டினார்கள். எங்க வழக்கத்தில் எரிக்கிறதில்லை, நீங்களே வையுங்கள் என்று பணிவாகச் சொன்னார். எங்கள் கோல் கம்பத்துக்கு நடுவே போட்டுக் கொளுத்தினார்கள். கம்பத்திலும் தீப்பிடித்தது.

அது எரியும்போதே, மழை வருகிறவரை ஏரிக்குள் பந்து கூடாது என்றார் ஊர்க்கவுண்டர். பாய் ஒத்துக்கொண்டார். ஐப்பசி முடிந்தும் மழை இல்லையென்றால் குற்றம் எங்கள் மேல் இல்லை, மறுபடி ஆட விடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஊரும் தலையாட்டியது.

அன்றைக்குப் பிடித்து எனக்குச் சாமி கும்பிட முடியவில்லை. மழை வந்தால் என் பிள்ளைகளுக்குச் சோறு. மழை வந்தால் பாய்தான் பாவி. கையைக் கூப்பினால் வேண்டுதல் பாதியில் நின்றுவிடும். நீயே பார்த்துக்கோ ஆத்தா என்று திரும்பிவிடுவேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சித்தேரி மலை கண்ணுக்கு மறைந்து, நாள் கணக்கில் ஊற்றியது. ஏரி ரொம்பி வழிந்து கோடி போனது. ஊரே திரண்டு போய்த் தண்ணீரில் மஞ்சளும் பூவும் போட்டார்கள். பாயும் கரைக்கு வந்தார். எல்லாரும் ஒதுங்கி அவருக்கு வழி விட்டார்கள். மரியாதைக்கு விட்ட வழி இல்லை, மேலே படக்கூடாதென்று விட்டது. அதற்குப் பிறகு அவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

தையில் அறுத்த புது நெல்லைக் குத்தி, அரிசி கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் மலர்ந்து வாங்கிக்கொண்டார். நல்லம்பள்ளிப் பக்கம் ஏதாவது தரிசு பார்த்துக் கிளப்பை நடத்தலாமா என்று கேட்டேன். மிஷினை நிறுத்தினார்.

"மழை வந்ததுமே என்னைப் பாவின்னு முடிவு கட்டிட்டாங்க தம்பி. அடுத்தவாட்டி ஏரி வத்துனா வைக்கோலு தேட மாட்டாங்க."

சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்குக் கல்லோடு நின்றவர்களில் என் சொந்த மாமனும் ஒருத்தர். அரிசி கொண்டுபோன பையை மடித்து இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

மாசியில் தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கியது. அந்த வாரமே பாய் தையல் மிஷினை பஸ்ஸுக்கு மேலே ஏற்றிக் கட்டி, குடும்பத்தோடு சேலத்துக்குப் போய்விட்டார். வழியனுப்ப டீமில் மூணு பேர்தான் போயிருந்தோம். பஸ் கிளம்பியது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பஸ்ஸைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.