ஒரு கூர்க்கா அனுப்புங்க

கடைக்கும் மண்டபத்துக்கும் காவலாள் அனுப்பிப் பிழைக்கும் சக பாவிகளே, எங்கள் தொலைபேசி ஒருநாளும் நல்ல செய்திக்கு அடிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் போய் இருந்து பார்த்து, சரிவராமல் மறுபடி ஆக்லாந்துக்கே வந்த எனக்குக் கிடைத்தது இந்த வேலைதான்.

கத்தி எங்கே?

ரானுயியில் மதுக்கடை வைத்திருக்கும் கோயம்புத்தூர்க்காரர், "ஒரு கூர்க்கா அனுப்புங்க" என்று கேட்டார். உலகப் போர்களில் குர்காக்கள் சண்டை பிடித்த கதையெல்லாம் யூடியூபில் பார்த்திருக்கிறார். மான் பகதூரை அனுப்பினேன். நேபாளி, இந்திய இராணுவத்தின் குர்காப் படைப்பிரிவில் இருந்தவர். ஐந்தடி உயரம், சாந்தமான முகம். முதல்நாளே ஒருவன் இரண்டு போத்தலைத் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்ற இவருக்குக் குட்மோர்னிங்கும் சொல்லிவிட்டுப் போனானாம்.

இன்னொரு முறைப்பாடு வந்தால் ஆளை வேலையை விட்டு நிறுத்து என்றார் என் மேலாளர். மான் பகதூரின் விசாவே இந்த வேலையை நம்பித்தான். கடைக்காரருக்கோ வேறு கவலை: "என்ன சார், கூர்க்கா கேட்டா ஒரு தாத்தாவ அனுப்பியிருக்கீங்க, கத்திகூட இல்ல!"

பாபகூராவில் ஒரு மதியம்

அடுத்து மான் பகதூரைப் பாபகூராவில் ஒரு கிடங்கில் நிறுத்தினேன். பார்க்கப் போனபோது சேர்ந்து சாப்பிட்டோம். எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். கரண்டியைக் கீழே வைத்தார். "இருந்திருக்கிறேன். எண்பத்தேழில், இந்திய அமைதிப்படையில்."

அப்போது எனக்குப் பத்து வயது. குர்கா கத்தியை உருவினால் இரத்தம் படாமல் உறையில் போடமாட்டான் என்று எங்கள் ஒழுங்கை முழுக்கக் கதை. குர்காக்களின் அகலத் தொப்பி சந்தியில் தெரிந்தாலே நான் கட்டிலுக்குக் கீழே. கத்தியைப் பற்றிக் கேட்டே விட்டேன். "விறகும் கோழியும் வெட்டினேன், சார். மற்றவர்களுக்காக நான் சத்தியம் பண்ண முடியாது."

மனுரேவா மண்டபம்

எங்கள் ஆட்களின் பிள்ளைகள் விழா. அன்று என் கையில் இருந்த ஒரே ஆள் அவர்தான். பொறுப்பாக நின்ற செல்வியக்கா, எண்பத்தேழில் அந்தப் படைக்குப் பயந்து தாயோடு வீட்டை விட்டு ஓடியவர். வாசலில் மான் பகதூரின் முகத்தையும் தொப்பியையும் கண்டதும் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "தம்பி, இவரை மாத்தும். இல்லாட்டி நான் உங்கட ஒபிசுக்குப் போன் அடிப்பன்."

விசா போச்சு என்று நினைத்தேன். மான் பகதூர் தொப்பியைக் கழற்றி, தூரத்திலேயே நின்று, யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார்: "பயப்பிடாதேங்கோ. நாங்கள் ஒண்டும் செய்ய மாட்டம்." பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார்: படையில் அங்கே படிப்பித்த ஒரே தமிழ் வசனமாம். வாயைத் திறப்பதற்குள் தெரு வெறுமையாகிவிடுமாம். இத்தனை வருடத்தில் அதை நின்று கேட்ட முதல் ஆள் செல்வியக்காதானாம்.

அதை நான் செல்வியக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் குசினிக்குப் போய், கோப்பையோடு வந்து என்னிடம் நீட்டினார். "தேத்தண்ணியை அவருக்குக் குடும். ஒபிசுக்கு அடிக்கேல்லை, அவர் நிக்கட்டும். ஆனா எனக்குப் பயம் போகேல்லை எண்டும் சொல்லும்."

கள்ளன் பயப்பட வேண்டிய இடத்தில் குட்மோர்னிங்கும், பயப்பட வேண்டாத இடத்தில் நடுக்கமும் வாங்கித் தந்ததுதான், நண்பர்களே, நான் ஆள் பார்த்து அனுப்புகிற இலட்சணம்.