ஷேடு கார்டோடு தொலைநோக்கிக்குப் போனவர்

பெயிண்ட் கடைக்காரருக்கு நிறம் என்றால் தண்ணீர் பட்ட பாடு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டது. அதனால் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். சுவர் சுரண்டும் கூலியாகத் தொடங்கி, மூன்று ஷட்டர் வைத்த கடையை எழுப்பிய மனிதர். பழைய கதவில் ஒரு சில்லைப் பெயர்த்துக் கொண்டுபோங்கள், வெறும் கண்ணால் பார்த்தே அதே நிறத்தைக் கலந்து தருவார். மெஷின் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

அவருக்குச் சட்டம் இரண்டு. தாளில் அச்சடித்ததைப் பார்த்துக் கலக்கமாட்டார். மை பொய் சொல்லும், அசலைக் கொண்டுவா என்பார். அப்புறம், சுவரில் ஒரு கையகலம் பூசி, அது காய்ந்து, அங்கே குடியிருப்பவர் பார்த்துச் 'சரி' என்று சொல்லாமல் மேலே ஒரு பிரஷ் வைக்கமாட்டார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம் அல்லவா?

ஒரே மகள். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் படங்களைச் சீர்செய்யும் இடத்தில் வேலை. ஒருமுறை வந்தபோது, சிவப்பும் நீலமுமாகப் பொங்கும் வாயு மேகம் ஒன்றின் படத்தைக் காட்டினாள்.

"அப்பா, என் ரூம் சுவருக்கு இந்தச் சிவப்பு வேணும்."

"தாளைக் காட்டி ஏமாத்தாதே. அசலைக் காட்டு, அடிச்சுத் தர்றேன்."

"அசல் உங்க கண்ணுக்குச் சிக்காதுப்பா."

"என் கண்ணுக்கா? ஊரே இந்தக் கண்ணை நம்பித்தான் வீடு கட்டுது!"

"அப்ப வாங்க, காட்டுறேன். தோத்தா எனக்கு ஒரு கோட்டு பெயிண்ட் இலவசம்."

கடையை யார் பார்ப்பது என்று அவர் தள்ளிப்போட்டார். அதற்குள் ஒரு காய்ச்சல் வந்து மகளைக் கொண்டுபோய்விட்டது.

சுவர் வெள்ளையாகவே நின்றது. ஒத்துக்கொண்ட வேலை பாக்கி நிற்பது அவர் தொழிலில் கிடையாது. நிற மாதிரிகள் ஒட்டிய ஷேடு கார்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மகள் வேலை செய்த இடத்துக்கே போனார். அவளோடு வேலை பார்த்த பெண், இருட்டியதும் அங்கிருந்த தொலைநோக்கியை அதே மேகத்தின் பக்கம் திருப்பிக் கொடுத்தாள். அவர் கண்ணை வைத்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"என்னம்மா, கண்ணாடியில அழுக்கா? சாம்பலை அப்பின மாதிரி இருக்கு."

"அதுதான்பா அந்த மேகம். வெளிச்சம் ரொம்பக் கம்மி, நம்ம கண்ணுக்கு நிறம் தெரியாது. கிட்டப் போனாலும் அநேகமா இப்படித்தான்."

"அப்ப அந்தப் படம் பொய்யா?"

"பொய் இல்லப்பா. விண்வெளித் தொலைநோக்கி மூணு வாயுவோட வெளிச்சத்தைத் தனித்தனியா வடிகட்டி மூணு படமா எடுக்கும். மூணுமே கறுப்பு வெள்ளைதான். மேகம் நிஜம். எதுக்கு எந்த நிறம்னு குடுத்துச் சேர்க்கிறது நாங்க. அந்தச் சிவப்பு அக்கா வச்சது. நாங்க வேற சிவப்பு சொன்னோம். 'பெயிண்ட் கடையில வளர்ந்தவ நான், நிறத்துல எனக்கே பாடமா'ன்னு எங்க வாயை அடைச்சுட்டாங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். அசல் வானத்தில் இல்லை, மகளின் கண்ணில் இருந்திருக்கிறது. ஷேடு கார்டை அவர் பிரிக்கவே இல்லை.

மறுநாள், ஆயுளில் முதல் தடவையாக, தாளைப் பார்த்துக் கலந்தார். மகளின் அறைச் சுவரில் ஒரு கையகலம் பூசிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"அப்படியே படத்துல இருக்கிற மாதிரியே இருக்குங்க. அடிச்சிடுங்களேன்."

"காயட்டும்."

காய்ந்தது. ஜன்னல் வெயில் நகர்ந்து அதன் மேல் விழுந்து, விலகியும் போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னங்க?"

"ரூம்காரி சரின்னு சொல்லலியே."

மனைவி பெயிண்ட் டப்பாவின் மூடியை எடுத்து, உள்ளங்கையால் அழுத்தி மூடினாள்.