கமலவேணி எழுதிய அறவியல் பரீட்சை

கமலவேணியின் கையெழுத்தைப் பார்த்தவர்கள், அவள் பாத்திரக் கடையில் பில் போடுகிறவள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் பொன்மொழி எழுதும் வேலை எப்போதும் அவளுக்குத்தான் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். கல்லூரியில் இடமும் கிடைத்தது. சேருவதற்குள் மில் தொழிலாளி தேவதாஸுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பெண்பிள்ளை கொஞ்சம் நன்றாகப் படித்துவிட்டால் பெற்றவர்களுக்கு எங்கிருந்துதான் அப்படி ஓர் அவசரம் வருமோ தெரியாது. அவள் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தபோது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தாள். அதுவும் இன்னொருவனுக்குப் பரீட்சை எழுத.

கள்ளத்தனமாக இல்லை. முதல்வர் கையெழுத்துப் போட்ட அனுமதியோடுதான். கண் தெரியாத மாணவர்கள் விடையை வாயால் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருகிறவரை ஸ்கிரைப் என்பார்கள். ஸ்கிரைப்பாக வருகிறவர் பரீட்சை எழுதுகிறவனைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும். அந்தத் தகுதி அவளுக்கு இருந்தது. அவன் சொன்னதை மட்டும் எழுத வேண்டும், சேர்க்கவும் கூடாது, திருத்தவும் கூடாது. அறைக்குள் ஸ்கிரைப் வாய் திறந்து பேசவும் கூடாது. கேள்வியைப் படித்துக் காட்டலாம், காதில் சரியாக விழவில்லையென்றால் "திருப்பிச் சொல்லு" என்று கேட்கலாம், அவ்வளவுதான்.

அவள் எழுதியது இனியவனுக்கு. பிள்ளைச்சாவடிக்காரன், மீன்பிடிக் குடும்பம், அவளுடைய ஒரே மகன் சிலம்பரசனின் உயிர்த் தோழன். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய கோடையில் சிலம்பரசனின் பைக்கில் போனபோது கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி அடித்துவிட்டது. சிலம்பரசன் அங்கேயே போய்விட்டான். இனியவன் தலையில் அடிபட்டுப் பல நாள் நினைவில்லாமல் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். எழுந்தபோது உயிர் இருந்தது, பார்வை இல்லை.

வண்டி சிலம்பரசனுடையது. ஆகவே ஓட்டியவனும் அவன்தான் என்று ஊரே முடிவு கட்டியது. கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்றார்கள். குடித்திருந்தான் என்றும் இரண்டொருவர் சேர்த்துக்கொண்டார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்?

தேவதாஸ் யார் வீட்டு வாசலிலும் தலைகுனிந்து நிற்காத மனிதர். மில் மூடிய பிறகு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்தபோதுகூட நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். காரியம் முடிந்த அன்று கமலவேணி மகனின் படத்துக்குக் கண்ணாடி போட்டு வாங்கி வந்தாள். அவர் அதை வாங்கி பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தார்.

"அடுத்தவன் புள்ள கண்ணப் புடுங்கிட்டுப் போனவனுக்கு எதுக்குடி மால? இந்த வீட்ல அது தொங்கக் கூடாது."

பெற்ற வயிறு எரிந்தது. ஆனாலும் அவர் சொன்னது நியாயம் என்றே அவளுக்கும் பட்டது. இனியவன் கல்லூரியில் சேர்ந்தபோது, "நான் எழுதறேன், எம்புள்ள செஞ்சதுக்கு என்னால ஆனது" என்று தானே போய் நின்றாள். ஒவ்வொரு பரீட்சைக்கும் கடையில் லீவு கேட்டு முதலாளியிடம் பாட்டு வாங்கினாள். அசைன்மென்ட் வந்தால் அவனை மூலக்குளத்தில் தன் வீட்டுக்கே வரச்சொல்லி, சாப்பாடு போட்டு, அவன் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தாள். அவன் சாப்பிடும்போது கை தட்டைத் தேடும். அதைப் பார்க்க முடியாமல் தேவதாஸ் எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்தப் பாரத்தோடேயே போன கார்த்திகையில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சுவரில் அவர் படம் ஏறியது. மகன் படம் பீரோவுக்குள்ளேயே கிடந்தது. போன மனிதரின் பேச்சை மீற அவளுக்கு மனம் வரவில்லை.

கடைசி வருடத்தில் அறவியல் என்று ஒரு பாடம் வந்தது. எல்லோருக்கும் கட்டாயம். எது நல்லது எது கெட்டது என்பதை ஐந்து யூனிட்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மற்றப் பாடங்களில் கடகடவென்று சொல்லும் இனியவன் இதில் மட்டும் தடுமாறினான். வாய்மை பற்றிய அசைன்மென்ட்டில் நாலு வரி சொல்வான், நிறுத்துவான், தண்ணீர் கேட்பான்.

"புரியலன்னா மேடத்தக் கேளேன்டா" என்றாள் அவள்.

"புரியுதும்மா. புரியறதுதான் கஷ்டமா இருக்கு."

பிள்ளை படிப்பில் மூழ்கிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பரீட்சை அன்று வழக்கம்போல் தனி அறை. மூலையில் மேற்பார்வைக்கு ஒரு மேடம், செல்போனில் கண். கமலவேணி கேள்விகளைப் படித்துக் காட்டினாள். கடைசிப் பகுதியில் ஒரு கட்டுரை: ஒருவர் உண்மையைச் சொல்லத் தயங்கும் சூழலை எடுத்துக்காட்டுடன் ஆராய்க.

"அத மொதல்ல எழுதலாம்மா" என்றான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு பரீட்சைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தான்.

"ஒருவன் தன் நண்பனின் வண்டியை வற்புறுத்தி வாங்கி ஓட்டினான். அவனுக்குச் சரியாக ஓட்டத் தெரியாது, உரிமமும் இல்லை. நண்பன் பின்னால் உட்கார்ந்து, மெதுவாகப் போ என்று சொல்லிக்கொண்டே வந்தான்."

எடுத்துக்காட்டு நன்றாக இருக்கிறதே என்று அவள் எழுதிக்கொண்டு போனாள்.

"லாரியைக் கண்டதும் ஓட்டியவன் பதறித் திருப்பினான். நண்பன் இறந்தான். ஓட்டியவனுக்குக் கண் போனது."

பேனா நின்றது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் முகம் சுவரைப் பார்த்து இருந்தது.

"திருப்பிச் சொல்லு" என்றாள்.

"ஓட்டியவனுக்குக் கண் போனது."

"திருப்பிச் சொல்லு."

"நான்தாம்மா ஓட்டினேன்" என்றான், மெதுவாக.

மேடம் தலையைத் தூக்கினார். "என்ன, அங்க பேச்சு?"

 கமலவேணிக்குக் கத்த வேண்டும், அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும், எழுந்து போய்விட வேண்டும் என்றெல்லாம் இருந்தது. எழுந்து போனால் அவனுக்கு அந்தப் பரீட்சை இல்லை, டிகிரி இல்லை. இந்தப் பாழாய்ப்போன நேரத்தில் அதுவும் அவளுக்கு ஞாபகம் வந்தது. பேனாவை மறுபடி தாளில் வைத்தாள். அவன் தொடர்ந்தான்.

"அவனுக்கு நினைவு திரும்புவதற்குள், வண்டிக்குச் சொந்தக்காரன்தான் ஓட்டினான் என்று அவன் உறவினர் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் பயந்தேன். இறந்தவனுக்கு இனி என்ன ஆகப்போகிறது என்று பழியை அவன் மேலேயே விட்டுவிட்டேன். அவனுக்கு ஒரு தாய் இருப்பதை மறந்தேன்."

நான் பயந்தேன், நான் விட்டுவிட்டேன், நான் மறந்தேன். அத்தனையும் அவளுடைய முத்து முத்தான கையெழுத்தில் தாளில் ஏறியது. மைக்குமேல் கண்ணீர் விழாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து எழுதினாள். கட்டுரை முடிந்ததும் ஒருமுறை படித்துப் பார்த்தாள். ஓரிடத்தில் பேனா தயங்கி, பிறகு எழுதியது. மற்றக் கேள்விகளையும் ஒன்று விடாமல் எழுதி முடித்தாள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரை அவள் முன்னால் நடந்தாள். அவன் கைத்தடியைத் தட்டிக்கொண்டு பின்னால் வந்தான். எப்போதும் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவான்.

"எதனா பேசுங்கம்மா" என்றான்.

"எங்க வூட்டுல வந்து குந்திகினு சோறு தின்னியே, அப்பல்லாம் சொல்றதுக்கு வாய் இல்லயா ஒனக்கு? நான் பேசக்கூடாத எடமாப் பாத்துச் சொல்ற."

"ஆமாம்மா. நீங்க பேசினா எனக்குத் தாங்காது. அதான்."

"அவரு சாவறதுக்கு முன்னாலயாவது சொல்லியிருக்கக் கூடாதாடா? புள்ள பேர எடுக்காமயே போய்ட்டாரேடா அந்த மனுசன்."

"சொல்லணும்னுதாம்மா ஒருநாள் வந்தேன். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. அப்பா என் கையப் புடிச்சிக்கினு, 'எம்புள்ள செஞ்சத மன்னிச்சிடுப்பா'ன்னாரு. அதுக்கப்புறம் எனக்கு நாக்கு எழும்பல."

கமலவேணி நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் தலைகுனியாத மனிதர், செய்யாத தப்புக்கு, செய்தவனிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதை இனிமேல் எந்தப் படத்துக்கு முன்னால் நின்று சொல்வது?

அவன் ஊர்ப் பக்கம் போகிற காலாப்பட்டு பஸ் வந்தது. பக்கத்தில் சத்தம் கேட்டு இனியவன் கையை நீட்டினான். அது காற்றில் அவள் முழங்கையைத் தேடியது, சோற்றுத் தட்டைத் தேடுவதுபோலவே. கொஞ்ச நேரம் தேடட்டும் என்று விட்டாள். பிறகு தன் கையைக் கொடுத்தாள்.

படியில் ஏறி நின்றவன் திரும்பினான். "நான் சொன்னது எல்லாத்தையும் எழுதினீங்களாம்மா?"

"எழுதினேன். நீ சொல்லாத ஒண்ணும் எழுதினேன்."

"என்னாம்மா?"

"கடைசி வரைக்கும் நண்பன் நண்பன்னே சொன்ன. நான் சிலம்பரசன்னு பேரு எழுதினேன்."