கீறலார் வீட்டு இசைத்தட்டு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் கடையில் யாருக்கும் ஞாபகமில்லை. மயிரிழைக் கீறல் இருந்தாலும் லென்ஸைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் அவர் கீறலார். பட்டப்பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

வீட்டில் அவருக்கு இன்னொரு கிறுக்கு உண்டு. தொண்ணூறு வருஷங்களுக்கு முன் அமெரிக்கக் கிராமங்களின் கறுப்பினப் பாடகர்கள் கிட்டாரும் கையுமாகத் தனியே உட்கார்ந்து பாடிய ப்ளூஸ் பாட்டுகள். அவை பதிவான பழைய அரக்கு இசைத்தட்டுகள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவை நாற்பத்தொன்று. அவற்றை வேறு யாரும் தொடக்கூடாது. மனைவி வீட்டிலேயே சட்டைக் காலர் தைத்துக் கொடுப்பவள். பாட்டு தொடங்கியதும், "அந்த அழுமூஞ்சிய ஆரம்பிச்சாச்சா?" என்று தையல் மெஷினை வேகமாக மிதிப்பாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் இதற்கு மேல் சண்டை வந்ததில்லை.

அந்த ஞாயிறு காலை கீறலாருக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினெட்டு வருஷமாகத் தேடிய தட்டு, இன்னொரு சேகரிப்பாளரான தபால்காரரிடம் இருந்தது. அதற்கு ஈடாகத் தன்னிடமிருக்கும் ஒன்றைக் கொடுப்பதாகப் பேசி முடித்தாகிவிட்டது. மாலையில் தபால்காரர் வருகிறார். ஒரே நிபந்தனை, கீறலார் கொடுக்கும் தட்டு பழுதில்லாமல் இருக்க வேண்டும்.

துடைப்பதற்காக அந்தத் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றாவது சரணம் வரும் இடத்தில், ஒரு விரற்கடை அகலத்துக்குள், பொடிப்பொடியாக இருபது முப்பது கீறல்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கிராமபோன் முள்ளை அதே இடத்தில் திரும்பத் திரும்ப இறக்கியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

"இதத் தொட்டியா நீ?"

மெஷின் நின்றது. "தொட்டேன். நீங்க வேலைக்குப் போனப்புறம்."

"அழுமூஞ்சின்னு சொல்லுவியே! ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே போட்டுக் காமிச்சிருக்க மாட்டேனா? பதினெட்டு வருஷம்! எல்லாத்தையும் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிட்டியே!"

"அந்த எடத்துல பாடுறவரு வரிய மறந்துட்டுச் சிரிப்பாரு. கேட்டிருக்கீங்களா?"

கேட்டிருக்கிறார். அதைப் பதிவில் உள்ள குறை என்று நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறார்.

"என் தம்பி அப்படித்தான் சிரிப்பான். சொல்ல வந்தத முடிக்காம, மூக்காலயே. மொதல்ல கேட்டப்ப கத்தரிக்கோல் கைதவறிப் போச்சு. அவன் குரல் எதுலயும் பதிவாகலீங்க. போட்டோல சிரிக்கிறான், சத்தம் வராதே." பாபினில் நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கித் தட்டு போயிடும்னு இந்த வாரம் கொஞ்சம் அதிகமாக் கேட்டுட்டேன். அவ்வளவு ஆசையா இருந்தீங்க, வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

கீறலாரின் கோபம் போன இடம் தெரியவில்லை. மைத்துனன் இறந்து பதினோரு வருஷம். கல்யாணமான புதிதில் அவரைக் கேலி செய்தே பாடாய்ப் படுத்திய சிரிப்பு அது. அது தன் அலமாரியிலேயே இருந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

தட்டைச் சுழலவிட்டார். "நீயே வை."

அவள் முன்னே பின்னே தடவவில்லை. காலர் முனையில் ஊசி இறக்கும் அதே கை, முள்ளைச் சரியான இடத்தில் இறக்கியது. முப்பது வருஷம் தட்டு போட்டும் அவருக்கு வராத வித்தை. கிட்டார் கொஞ்சம் வாசித்தது. குரல் வரியில் தடுமாறியது. பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு.

"வந்துட்டான்," என்றாள்.

இன்னொரு முறை சேர்ந்து கேட்டார்கள். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. பிறகு தபால்காரருக்குப் போன் போட்டார்.

"சார், மன்னிச்சுக்கணும். தட்டுல கீறல் விழுந்துடுச்சு."

"அடடா! பாட்டு கேக்குதா? கேட்டாப் போதும், நான் எடுத்துக்குறேன்."

கீறலார் மனைவியைப் பார்த்தார். அவள் மறுபடி முள்ளைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லாக் கேக்குது சார்," என்றார். "அதனாலதான் குடுக்க முடியல."