கேபிள் பேசும் முன்பே சொன்ன வேகம்

எனக்குக் கோபம் வந்தாலும் குரல் உயராது. ஒரகடத்தில் கார் டாஷ்போர்டு செய்யும் அந்தத் தொழிற்சாலையில், மேனேஜர் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

லைனில் உள்ள கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. கடைசி ஸ்டேஷனில் ஒரு கேமரா ஒவ்வொரு பாகத்தையும் படம் பிடித்து சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்து பச்சை விளக்கு வந்தால்தான் பாகம் நகரும். அங்கே நின்றவர் படப்பையிலிருந்து வரும் ஒரு பெண், கான்ட்ராக்ட் ஆள். புதுக் கம்ப்யூட்டர் வைத்த நாளிலிருந்து அவர் முன்னால் பாகங்கள் குவிந்தன.

"இன்னாம்மா, தூங்கிக்கினு கீறியா?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"நான் இன்னா சார் பண்றது? பட்டன அமுக்கிட்டு நின்னுகினுதான் கீறேன். போட்டோ போவ மாட்டுது."

மேனேஜர் திரையைப் பார்த்தார். நெட்வொர்க் வேகம் ஆயிரம் மெகாபிட் என்று பச்சையில் மின்னியது. "நெட்வொர்க் ஃபுல் ஸ்பீட். ஆள்தான் ஸ்லோ" என்றார். கேபிளைக் கழற்றிப் பார்க்கக் கொஞ்சம் நேரம் கேட்டேன். லைனை நிறுத்த முடியாதாம். மறுநாள் அந்தப் பெண்ணின் கேட் பாஸ் வேலை செய்யவில்லை.

லைன் ஓடாத ஞாயிற்றுக்கிழமை கேபிளைக் கழற்றினேன். முனையில் ஒரு கம்பி சரியாக உட்காரவே இல்லை. எட்டுக் கம்பியும் சேர்ந்தால்தான் ஆயிரம்; உண்மையில் ஓடிய வேகம் நூறுதான்.

அப்படியானால் ஆயிரம் எங்கிருந்து வந்தது? நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் அடித்துவிட்ட கதை அது. கேபிளின் இரண்டு முனையும் பேசி ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை வேகம் கேட்டால் டிரைவர் சொல்ல வேண்டியது 'தெரியாது'. சுழியம் என்றாலும் தப்பு, ஆயிரம் என்றால் பச்சைப் பொய். இது தன்னால் முடிந்த அதிகபட்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டது. எங்கள் புரோகிராமோ காலையில் ஸ்விட்ச் போட்டதும் ஒரே தடவை கேட்டு, அதையே நாள் முழுக்கக் காட்டும். விசிட்டர் வரும்போது திரையில் எண் மாறக் கூடாதாம். ஷிப்ட் தொடக்கத்தில் "லைன் ரெடியா?" என்றதும், மெஷினைத் தொடாமலே "ஓகே சார்" என்று கோரஸ் பாடுகிற கம்பெனிக்கு ஏற்ற புரோகிராம்தான்.

கார்டு விற்றவர்களுக்கு எழுதினேன். 'தெரியாது' என்று காட்டினால் வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்று பதில் வந்தது. பயப்படட்டுமே! பயந்திருந்தால் யாராவது கேபிளைப் பார்த்திருப்பார்கள்.

கேபிளை மாற்றினேன். வேகத்தை அடிக்கடி கேட்டுப் பார்க்கும்படி புரோகிராமையும் திருத்தினேன். பாகங்கள் கடகடவென்று நகர்ந்தன. மேனேஜரிடம் போய், "தப்பு கேபிள்ல சார். அவங்களத் திரும்பக் கூப்பிடுங்க" என்றேன். அவர், அந்தப் பெண்ணை வேலைக்கு அனுப்பியிருந்த கான்ட்ராக்டரைப் பார்த்தார்.

"பேசிட்டேன் சார், நாளைக்கு வந்துரும்" என்றார் கான்ட்ராக்டர் உடனே.

அந்த நாளை வந்தது, ஸ்டேஷனில் வேறு ஆள். அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். இருங்காட்டுக்கோட்டையில் பெட்டி ஒட்டும் வேலையாம், சம்பளம் குறைவு. கான்ட்ராக்டர் அவரிடம் பேசவே இல்லை. கேபிள் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி சார், கேபிள மாத்திட்டீங்க. நான் ஸ்லோன்னு இந்தப் பொட்டி கம்பெனி வரைக்கும் சொல்லி வச்சிகீறாங்களே, அத யாரு சார் மாத்துவாங்க?"