மருந்துக்குள் சந்தனம்

தோட்டா நிரப்புவது என் பொழுதுபோக்கு என்று சொன்னால், பார்க் எக்ஸ்டென்ஷன் மரக்கறிக் கடையில் எதிரே நிற்பவர் கையிலிருக்கும் கத்தரிக்காயைக் கீழே போட்டுவிடுவார். அதனால் யாரிடமும் சொல்வதில்லை. வயது ஐம்பத்திரண்டு, முதியோர் இல்லமொன்றில் தாதி வேலை, பிள்ளைகள் இருவரும் வேறு நகரங்களில். சில வருடங்களுக்கு முன் என்னோடு வேலைபார்க்கும் கியூபெக்காரி ஒருத்தி என்னைத் துப்பாக்கிக் கழகத்துக்குச் சும்மா பார்க்கக் கூட்டிக்கொண்டுபோனாள். நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு காகித வட்டம். அதில் ஓட்டை போட்ட அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, உரிமம் எடுத்து, கடைசியில் தோட்டாவையும் நானே நிரப்பத் தொடங்கிவிட்டேன்.

என் கணவருக்கு வெடிச்சத்தம் ஆகாது. இருவரும் யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் வளர்ந்தவர்கள்தான். ஆனால் அவருக்கு அது இன்னும் உடம்பில் இருக்கிறது. வாணவேடிக்கை என்றாலே யன்னலைச் சாத்திவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டிவைப்பார். நான் ரைஃபிள் வாங்கியபோது சண்டை பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“நீர் எனக்குச் சத்தியம் பண்ணித் தாரும். ஒரேயொரு பிழை நடந்தாலும் இதை விட்டுப்போடவேணும்.”

“ஓம், விடுறன்,” என்றேன். எனக்கு என் கையில் அவ்வளவு நம்பிக்கை.

அதன்பிறகு பேஸ்மென்டில் நான் பூட்டி வைத்திருக்கும் அறைப்பக்கம் அவர் எட்டியும் பார்த்ததில்லை. அங்கேதான் தோட்டா நிரப்பும் என் பிரெஸ் இருக்கிறது. நெம்புகோலை இழுத்தால் வெற்றுக் கோது மேலே போகும். மேலே உள்ள கருவியை முட்டும்போது ஒரு அளவு வெடிமருந்து அதற்குள் விழும். பிறகு பாய்ந்துபோகும் சன்னத்தை அதன் வாயில் வைத்து அழுத்தினால் தோட்டா தயார். மருந்து கூடினால் துப்பாக்கி வெடித்துக் கையோடு போகும். குறைந்தால் சன்னம் குழலுக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். எல்லாம் அந்த அளவுக் கருவியை நம்பித்தான்.

பிரெஸ்ஸோடு வந்த கருவியில் அளவை நினைத்தபடி மாற்ற முடியாது. மருந்தை மாற்றினால் துவாரம் உள்ள தகட்டையே மாற்றவேண்டும். அதுவும் ஒன்று அளவு காணாமல் வரும், அடுத்தது கூடிவரும். கழகத்தில் பெண்கள் அணிப் போட்டிக்கு நான்கு பேரில் ஒருத்தியாக என்னையும் சேர்த்ததும், இனி இந்தக் கரைச்சல் வேண்டாம் என்று திருகாணியால் அளவைக் கூட்டிக் குறைக்கும் வேறு கருவி ஒன்றை வரவழைத்தேன். வீட்டுக்கு வந்த பெட்டி, எனக்கு வேலை அதிகம் என்பதால், இரண்டு நாள் குசினி மேசையில் கிடந்தது.

மூன்றாம் நாள் அதைத் துணியால் துடைத்துவிட்டுப் பிரெஸ்ஸில் பூட்டப் போனேன். பூட்டினால் அதன் தலை, மேலே போகும் ஹீற்றர் குழாயில் இடித்தது. மேசையை அரை அடி இழுத்தேன். அடுத்து, பழையதின் மரைக்கும் இதன் மரைக்கும் ஒத்துவரவில்லை. அதற்கொரு வளையம் தேடிப் போட்டேன். அதற்கும் பிறகு, மருந்தை அளந்து போடும் உருளை, போட்டுவிட்டுத் திரும்பி வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. சுருள்வில் ஒன்று வாங்க வில்லரேயில் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். எதற்கு மேடம் என்று கடைக்காரர் பிரெஞ்சில் கேட்டார். தையல் மெஷினுக்கு என்றேன். என்ன தையல் மெஷின் என்று அவர் தொடங்க, எனக்குக் கோபம் வந்து, பெரிய தையல் மெஷின் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் எல்லாம் பொருந்தியது. மருந்தை ஊற்றி, திருகாணியைத் திருகித் திருகி, தராசில் சரியான நிறை வரும்வரை நின்றேன். பத்துத் தடவை நிறுத்தேன், பத்தும் ஒரே நிறை. மகிழ்ச்சியில் தனியே சிரித்துக்கொண்டேன். பிறகு வேகமாக நிரப்பத் தொடங்கினேன்.

பத்துக்கு ஒன்றை எடுத்து நிறுப்பது என் வழக்கம். நாற்பதாவதில் நிறை கூடியிருந்தது. கொஞ்ச நஞ்சமல்ல. திருகாணி இளகிவிட்டதா என்று பார்த்தேன், இல்லை. தராசைத் தட்டிப் பார்த்தேன், அதுவும் சரி. மறுபடி ஒன்றை நிறுத்தேன். இன்னும் கூடியிருந்தது. அப்போதுதான் தராசுத் தட்டில் கறுப்பு மருந்துக்கிடையே மஞ்சளாக ஒரு துகளைக் கண்டேன். எடுத்து மணந்துபார்த்தேன். சந்தனம்.

உருளையைக் கழற்றினேன். மருந்து நிறையும் குழியின் அடியில், பாதி உதிர்ந்தும் பாதி ஒட்டியும், காய்ந்த சந்தனப் பொட்டு. அது இருக்கும்போது அளவு வைத்திருக்கிறேன். அது உதிர உதிரக் குழி பெரிதாகி, மருந்து கூடுதலாக விழுந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சாமித்தட்டுக்குப் போய்த்தான் திரும்பும். கார், கணினி, பனி தள்ளும் மெஷின், எல்லாவற்றுக்கும் என் கணவர் பொட்டு வைத்திருக்கிறார். சலவை மெஷினுக்கு வைத்த பொட்டு என் வெள்ளைச் சீருடையில் ஏறியபோது நான் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு, எனக்குத் தெரியாமல்தான் வைப்பார்.

படியேறும்போது கோபம் தலைக்குமேல் இருந்தது. மேல்படிக்கு வந்தபோது வேறொன்று உறைத்தது. புதுச் சாமானைக் கழற்றித் துப்புரவாக்காமல் பூட்டியது யார்? நான்தானே. நிரப்பிய நாற்பதில் எதையும் நம்ப முடியாது. அந்தப் பிழை நடந்துவிட்டது. சொன்னால் சத்தியப்படி எல்லாவற்றையும் விடவேண்டும். சொல்லாவிட்டால் அவர் அடுத்த சாமானுக்கும் பொட்டு வைப்பார். அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அவர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ, அந்தப் பெட்டியில வந்த சாமானுக்குச் சந்தனம் வைச்சனீங்களோ?”

கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “வெளியில வைச்சதெல்லாம் நான் துடைச்சுப்போட்டனே, உமக்கு எப்பிடித் தெரியும்?”

“உள்ளுக்குள்ள வைச்சதை?”

“பொட்டுக்கெண்டே செய்த மாதிரி ஒரு குழி இருந்தது,” என்றார். “உமக்கு ஒண்டும் நடக்கக்கூடாது எண்டுதான் வைச்சனான்.”

நடந்ததைச் சொன்னேன். என் பங்கையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது.

“அப்ப என்னாலதான் உம்மட கை போயிருக்கும்.”

“போகேல்லைத்தானே. ஆனால் பிழை பிழைதான். நான் விடுறன்.”

“அதைப் பேந்து கதைப்பம். அந்த நாப்பதையும் என்ன செய்யிறது?”

“ஒவ்வொண்டாய்க் கழட்டவேணும்.”

கையைக் கழுவிவிட்டு எனக்கு முன்னால் படியிறங்கினார். அந்த அறைக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான்.

தோட்டாவைக் கழற்றச் சுத்தியல் மாதிரி ஒரு கருவி உண்டு. அதற்குள் தோட்டாவை வைத்து மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் சன்னம் கழன்று விழும். நல்ல சத்தம். நான் முதலாவதைத் தட்டினேன். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இரண்டாவதுக்கும் அப்படியே. எனக்குப் பாவமாக இருந்தது, மேலே போகச் சொன்னேன். அவர் போகவில்லை.

“தாரும், நான் அடிக்கிறன்.”

டங். டங். ஐந்து, பத்து என்று தட்டிக்கொண்டே போனார். துளிகூட அசையவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, கேட்டேன்.

“நானே அடிச்சால் ஒண்டும் செய்யேல்லையப்பா,” என்றார், அவருக்கும் ஆச்சரியம். “எப்ப வருமெண்டு தெரியுதுதானே.”

“அதுக்குத்தான் நான் சுடுறன்,” என்றேன்.

முன்பு அதை அவருக்குச் சொன்னதில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது என்றுகூடச் சொல்லலாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு மிச்சத் தோட்டாக்களையும் தட்டி முடித்தார். பிறகு ஒரு பல்துலக்கியால் அந்தக் குழியை அவரே தேய்த்துக் கழுவினார். நன்றாகக் காயவைத்து மறுபடி பூட்டி அளவு வைத்தபோது, பத்துக்கு ஒன்று காணாது, ஒவ்வொன்றையும் நிறுக்கவேண்டும் என்று தராசை என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். விடுவதைப் பற்றி இருவருமே பிறகு கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு அவரே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பாலம் தாண்டும்போது ஒரு வேண்டுகோள் வைத்தார்.

“நீர் சுடமுதல் எனக்கு ஒருக்கால் கையைக் காட்டுவீரோ?”

அணிப் போட்டியில் ஒருவர் முடித்தபின்தான் அடுத்தவர். மற்றவர்கள் சுட்டபோது அவர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தார். என் முறை வந்ததும் இறங்கி வந்து சுடும் கோட்டுக்குப் பின்னால் நின்றார். காதுக் கவசம், அதற்குமேல் இரண்டு கைகள். குறியில் கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்து, பிறகு இடக்கையை எடுத்து உயர்த்திக் காட்டி, மறுபடி பிடித்துச் சுட்டேன். பத்துத் தடவையும் அப்படியே. அப்படிச் சுட்டால் குறி எங்கே நிற்கும்? எங்கள் அணி கடைசியாக வந்தது, கியூபெக்காரி என்னை முறைத்தாள். எனக்கு அது உறைக்கவில்லை. ஏழாவது சூட்டுக்குக் கையை உயர்த்தித் திரும்பிப் பார்த்தபோது, அவர் காதிலிருந்த கைகளைக் கீழே விட்டிருந்தார்.